ஏஜென்ட் காட்டும் காகிதத்தை நம்பி அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மகள் இந்த ஆண்டு நீட்டில் தகுதி பெற்றாள், ஆனால் அரசு இடம் கிடைக்கும் மார்க் இல்லை. கோயம்புத்தூர் ஏஜென்ட் ஒருவர் கிர்கிஸ்தானில் ஒரு கல்லூரியைச் சொல்கிறார். ‘என்எம்சி அங்கீகாரம்’ இருக்கிறதாம். இந்த வாரமே 2 லட்சம் கட்டாவிட்டால் சீட் போய்விடும் என்கிறார். கட்டலாமா? தகராறு வந்தால் கேஸுக்குக் கோவைக்குத்தான் அலைய வேண்டுமா?

பதில்: இந்த வாரம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வெளிநாட்டில் சேர நீட் தகுதி 3 ஆண்டு செல்லும். அவசரம் ஏஜென்டுக்குத்தான், உங்கள் மகளுக்கு இல்லை.

தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்எம்சி, எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. அந்த முத்திரையோடு யாராவது காகிதம் நீட்டினால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். உலக மருத்துவக் கல்லூரிகள் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பார்கள். அதுவும் அங்கீகாரம் ஆகாது.

ஆணையம் பார்ப்பது மாணவி படித்து வந்த படிப்பை. 2021 நவம்பர் விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், முழுக்க ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதப் பயிற்சியையும் அதே கல்லூரியில் முடிக்க வேண்டும். ‘மொத்தமே அஞ்சு வருஷம்’ என்று ஏஜென்ட் சொன்னால் கணக்கு இடிக்கிறது. 54-உம் 12-உம் சேர்ந்தால் ஐந்தரை. நடுவில் கல்லூரி மாறவும் முடியாது.

பலரும் கோட்டைவிடும் விதி இன்னொன்று: அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக அங்கேயே டாக்டர் தொழில் செய்ய உரிமம் கிடைக்க வேண்டும். ஏஜென்டின் வாய்ச்சொல் இதற்குப் போதாது. கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள், அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். ஊர் திரும்பினால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும், அப்புறம் இங்கே ஓராண்டுப் பயிற்சி. அந்தச் செலவை ஏஜென்டின் பாக்கேஜில் யாரும் சேர்ப்பதில்லை.

சரி, கேஸ் விஷயம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும்: ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது’, ‘கோவை நீதிமன்றங்களுக்கு உட்பட்டது’. பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர வழி விட்டிருக்கிறது. மாநில எல்லையில் உள்ள வாளையாரைத் தாண்ட வேண்டியதில்லை, பாலக்காடு நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பொய் சொல்லிப் பணம் பறித்திருந்தால் மோசடிப் புகாரைப் போலீஸில் தனியாகக் கொடுக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்து சேர்ப்பதென்றால், படிப்புக் கட்டணத்தை வங்கி வழியாகக் கல்லூரிக் கணக்குக்கே அனுப்புங்கள். ஏஜென்டுக்கு அவருடைய சேவைக் கட்டணம் மட்டும், அதுவும் ரசீதோடு. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ஒரு செய்தியையும் அழிக்காதீர்கள்; குரல் பதிவு இருந்தால் அதையும்.