கால்குலஸுக்கு என்ன அவசரம்?

வணக்கம் அக்கா,

நாங்கள் கலிபோர்னியாவில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1-இல் பி வாங்கினாள், இந்த வருடம் ஜியோமெட்ரியில் ஏ மைனஸ். உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள். ஏதாவது ஒரு யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழக) வளாகத்தில் இடம் கிடைத்தால் போதும் என்கிறாள். இந்தக் கோடையிலேயே அல்ஜீப்ரா 2-ஐ முடித்துவிட்டால் பதினொன்றாம் வகுப்பிலேயே கால்குலஸ் பிசி (கல்லூரி அளவிலான நுண்கணித வகுப்பு) எடுக்கலாம் என்பது என் கணவரின் கணக்கு. எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மகளோ அல்ஜீப்ரா 2 வகுப்பே வேண்டாம், தோழிகளோடு டேட்டா சயின்ஸ் வகுப்புக்குப் போகிறேன், அதுவும் கணக்குதானே என்கிறாள். வீட்டில் தினமும் இதே பேச்சு. கல்லூரியில் சேர எது நல்லது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகள் கேட்பதைப் பார்ப்போம், ஏனென்றால் அவசரமாக முடிவெடுக்க வேண்டியது அதில்தான். அல்ஜீப்ரா 2-ஐ விடவே கூடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று வருடக் கணக்கு வேண்டும், அதற்குள் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2 மூன்றும் அடங்க வேண்டும். நான்காவது வருடமும் படித்தால் நல்லது என்பது அவர்கள் பரிந்துரை. இடையில் 2020-இல் விதியைத் தளர்த்தி, சில டேட்டா சயின்ஸ் வகுப்புகளை அல்ஜீப்ரா 2-க்கு ஈடாக ஏற்றுக்கொண்டார்கள். பல பள்ளிகளில் அந்த வகுப்பு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். 2023 ஜூலையில் சேர்க்கை விதிகளைப் பார்க்கும் பேராசிரியர் குழு அந்தத் தளர்வைத் திரும்பப் பெற்றது. 2024-இல் வந்த அறிக்கையும் அந்த முடிவையே உறுதிசெய்தது. உங்கள் மகளின் தோழிகளுக்கு இது தெரியுமோ என்னவோ, அவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

விதியை விடுங்கள். உயிரியல் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு அல்ஜீப்ரா 2 எதற்கு என்று அவளிடமே பேசலாம். லாகரிதமும் அடுக்குச் சார்புகளும் அவள் முறையாகப் படிக்கப்போவது அந்த வகுப்பில்தான். பிஎச் 7-இலிருந்து 6-க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது, அது லாகரிதம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா மூன்று மணி நேரத்தில் 512 மடங்காவது அடுக்குச் சார்பு. ஒரு மருந்து உடம்பில் எவ்வளவு நேரத்தில் பாதியாகக் குறைகிறது, அடுத்த வேளை மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்பதற்கும் இதே கணக்குதான். யூசியில் உயிரியல் எடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் கால்குலஸ் படித்தாக வேண்டும். அல்ஜீப்ரா 2 இல்லாமல் அங்கே போய் உட்கார்ந்தால் முதல் மாதமே திணறிப்போவாள். டேட்டா சயின்ஸ் பயனுள்ள பாடம்தான். பின்னால் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் உங்கள் கணவர் சொல்வது. அவருடைய பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் குரூப் பல விஷயங்களை முடிவு செய்துவிடும். கணக்கு இல்லாத குரூப்பை எடுத்தால் பொறியியல் கலந்தாய்வைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். அந்தப் பயத்தோடு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயப்பட வேண்டிய இடம் அல்ஜீப்ரா 2. பள்ளியில் கால்குலஸ் பிசி எடுக்காத பிள்ளை கல்லூரியில் முதல் பருவத்தில் கால்குலஸ் தொடங்கலாம், லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். கால்குலஸ் ஏபி கல்லூரியின் ஒரு பருவப் பாடத்துக்குச் சமம், பிசி ஏறக்குறைய இரண்டு பருவத்துக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

கோடைத் திட்டத்தில் இன்னொரு விஷயத்தையும் யோசித்தாரா என்று கேளுங்கள். யூசி தன் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் எடுத்துக்கொள்வது ஒன்பதாம் வகுப்புக்குப் பிந்தைய கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பிந்தைய கோடை வரை வாங்கிய மதிப்பெண்களை. அதாவது இந்தக் கோடையில் சில வாரங்களில் அடித்துப்பிடித்து முடிக்கும் அல்ஜீப்ரா 2-இன் மதிப்பெண்தான் அந்தக் கணக்கில் முதலில் ஏறும். எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகள் இரண்டையும் யூசி இப்போது சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை, அதனால் வகுப்பு மதிப்பெண்ணுக்கு எடை கூடியிருக்கிறது. கடினமான வகுப்புகளுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளிகளுக்கும் எட்டு பருவம் என்று வரம்பு உண்டு, அதில் பத்தாம் வகுப்பில் எடுப்பவை அதிகபட்சம் நான்குதான். அடுக்கிக்கொண்டே போனால் ஏறிக்கொண்டே போகும் என்பது சரியில்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் அந்தப் பிள்ளையின் பள்ளியில் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை அந்த அல்ஜீப்ரா 1-இல் வாங்கிய பி. 2025 நவம்பரில் யூசி சான் டியாகோ பேராசிரியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு உயர்நிலைப் பள்ளிக் கணக்கே கைவசம் இல்லை. இடைநிலைப் பள்ளி அளவில் கற்ற பின்னத்திலும் எளிய சமன்பாட்டிலும் தடுக்கியவர்களும் அதில் இருந்தார்கள். இவர்களில் பலர் பள்ளியில் மேல்வகுப்புக் கணக்கெல்லாம் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. சான்றிதழில் வகுப்பின் பெயர் இருக்கிறது, பிள்ளையின் கையில் கணக்கு இல்லை. அமெரிக்கக் கணிதச் சங்கமும் கணித ஆசிரியர்களின் தேசிய அமைப்பும் சேர்ந்து 2012-லேயே சொன்னது இதைத்தான்: பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸை முடிப்பது பள்ளிக் கணக்கின் இறுதி இலக்காக இருக்கக் கூடாது, பிற்பாடு எதையும் படிப்பதற்கான பிடிப்பைத் தருவதே இலக்கு.

கணக்கு என்றால் உயிரை விடுகிற, பொறியியலுக்கோ இயற்பியலுக்கோ போகத் துடிக்கிற பிள்ளையாக இருந்தால் நானே பிசி-க்குப் போகச் சொல்லியிருப்பேன். கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) போன்ற இடங்கள் கால்குலஸை எதிர்பார்க்கவே செய்கின்றன. அந்த வகுப்பே இல்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்குக்கூட 2023-இல் மாற்று வழிதான் கொடுத்தார்களே தவிர, எதிர்பார்ப்பைக் கைவிடவில்லை. உங்கள் கடிதத்தில் தெரிகிற பெண் அப்படிப்பட்டவள் இல்லை. அதில் ஒரு குறையும் இல்லை.

என் யோசனை: பத்தாம் வகுப்பில் அல்ஜீப்ரா 2 முழு வருடம், பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ் ஏபி. நேரம் இருந்தால் புள்ளியியலையும் சேர்த்துக்கொள்ளலாம், உயிரியலுக்கு அது மிகவும் உதவும். நடுவில் அவளுக்குக் கணக்கு பிடித்துப்போனால், ப்ரீகால்குலஸ் முடித்து நேராக பிசி-க்குப் போகப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. அந்த வழி மூடிவிடவில்லை.

இந்தக் கோடையில் ஒரு வேலை செய்யுங்கள். பழைய அல்ஜீப்ரா 1 இறுதித் தேர்வுத் தாள் ஒன்றை அவளிடம் கொடுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், திட்டாதீர்கள். எங்கே பேனா நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். காரணிப்படுத்தலா, பின்னமா, வார்த்தைக் கணக்கைச் சமன்பாடாக எழுதுவதா? அந்த இடங்களை மட்டும் கான் அகாடமி இணையதளத்தில் தினமும் அரைமணி நேரம் பார்க்கட்டும், இலவசம்தான். தேர்வுத் தாளை எழுதிய பிறகு அவள் எங்கெல்லாம் நின்றாள் என்று எனக்கு எழுதுங்கள். ஜூன் கடைசிக்குள் எழுதினால், பள்ளி திறப்பதற்குள் எதை எந்த வரிசையில் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா