மீனை விட்டதால்தான் கால் மரத்துப்போகிறதா?

வாசகியின் கடிதத்திலிருந்து: எனக்கு 26 வயது. குளச்சலுக்கு அருகில் கடற்கரை ஊர். அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு சைவத்துக்கு மாறினேன். முட்டையும் சாப்பிடுவதில்லை. முடி கொட்டுகிறது, நகங்களில் வெள்ளைப் புள்ளிகள், மதியத்துக்கு மேல் அசதி. நான்கு மாதங்களாக இரண்டு பாதங்களும் மதமதவென்று இருக்கின்றன. கல்லூரிக் காலத்திலிருந்தே நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். இணையத்தில் பார்த்து போலிக் அமிலம் (ஃபோலிக் ஆசிட்) என்ற வைட்டமின் மாத்திரையும் ஸ்பைருலினா என்ற பாசி மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுகிறேன். மீன் கொழுப்பு இல்லாவிட்டால் மூளை சுருங்கும், குழந்தை பிறப்பது சிக்கலாகும் என்றும் படித்தேன். கால் விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே அம்மா தட்டில் சாளைக் குழம்பை ஊற்றிவிடுவார். நான் மறுபடியும் மீன் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டுமா?

மருத்துவர் பதில்:

வேண்டியதில்லை. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைத் தின்றுதான் உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலைமை இல்லை. மீனை ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்கவும் மாட்டேன், அது உங்கள் விருப்பம். ஆனால் பாதம் மதமதப்பதை நான்கு மாதமாக மூடி மறைத்துக்கொண்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு பாதங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கும் மதமதப்போடு அசதியும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பி12 வைட்டமின் குறைபாட்டை. நரம்பைச் சுற்றியிருக்கும் உறை கெடாமல் இருக்க இந்த வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் கால் நரம்புகள் மட்டுமல்லாமல், தண்டுவடத்தின் பின்பகுதியும் பாதிக்கப்படும். பாதம் எங்கே இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போவது அந்தப் பின்பகுதி வழியாகத்தான். அந்த வழி கெட்டாலும் கண் பார்த்துச் சமாளித்துக்கொள்வதால் பகலில் ஒன்றும் தெரியாது.

அதனால் சிலவற்றைக் கேட்கிறேன். சோப்பு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா? மின்சாரம் போன இரவில் கை தானாகச் சுவரைத் தேடுகிறதா? செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாமல் இரண்டு அடி நடந்திருக்கிறீர்களா? தரை பஞ்சு போல இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் இந்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையிலேயே போங்கள். மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி உங்கள் கால் பெருவிரல் எலும்பின் மேல் வைப்பார். அதிர்வு தெரிகிறதா, எப்போது நிற்கிறது என்று கேட்பார். இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும் கவையை ‘நின்றுவிட்டது’ என்று நீங்கள் சொன்னால், அவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரு நிமிட வேலைதான். எந்த இணையதளமும் அதை உங்களுக்குச் செய்து காட்ட முடியாது.

இனி போலிக் அமிலம். நீங்கள் வாங்கிய மாத்திரைகளிலேயே எனக்கு அதிகக் கோபம் வருவது இதன் மேல்தான். பி12 குறைந்தால் ரத்தசோகை வரும், சிவப்பணுக்கள் பெருத்துப்போகும். ரத்தப் பரிசோதனையில் அதைப் பார்த்துத்தான் பல நேரம் நோயைப் பிடிக்கிறோம். போலிக் அமிலத்தைத் தனியாகச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தோன்றும், நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். 1940களில், பி12 கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, இந்த வகை ரத்தசோகைக்குப் போலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் தேறியது, ஆனால் பலருக்குக் கால்கள் விழுந்தன. அன்று மருத்துவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இன்று தெரிந்திருந்தும், சீட்டு இல்லாமல் வாங்கி அதே தவற்றை வீட்டிலேயே செய்கிறோம். இன்றே நிறுத்துங்கள். ஸ்பைருலினாவையும் விட்டுவிடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வரும் செய்திகளையும் நம்ப வேண்டாம். பழைய சோறு நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்காதீர்கள். அடுத்ததாக யாராவது ‘நரம்புச் சத்து’ மாத்திரை என்று கொடுப்பார்கள். பல மாத்திரைகளில் பி6 சேர்ந்திருக்கும். அளவு மீறிப் பல மாதம் சாப்பிட்டால் அதுவே காலை மரத்துப்போகச் செய்யும்.

இப்போது நீங்கள் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மீனை விட்டதற்கான தண்டனைதானா இது என்று நினைக்கிறீர்கள். கணக்கு அப்படி வரவில்லை. நம் கல்லீரல் பி12-ஐப் பத்தாயத்தில் நெல் போலச் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவை இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். கல்லீரலில் இருப்பது மில்லிகிராம் கணக்கில். சாளையும் அயிலையும் தின்று வளர்ந்த 24 வயதுப் பெண்ணுக்கு அந்த இருப்பு பல ஆண்டுகளுக்குத் தாங்கியிருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டில் தீர்ந்துவிட்டது என்றால், மீனை விடுவதற்கு முன்பே அது குறைந்துகொண்டிருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

என் சந்தேகம் அந்த நெஞ்செரிச்சல் மாத்திரை மேல். மீனிலோ பாலிலோ உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும், அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அந்த அமிலத்தை நீங்கள் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். தினம் மீன் சாப்பிட்ட காலத்திலேயே உங்களுக்கு அதன் பி12 முழுதாகச் சேராமல் இருந்திருக்கலாம். அது உண்மையானால், இன்று அம்மா ஊற்றும் சாளைக் குழம்பும் காலைச் சரிசெய்யாது. மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுக்கும் பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை, அதற்கு அமிலத்தின் தயவு தேவையில்லை. உங்களுக்கு வேண்டியது அதுதான். இதை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

வீட்டில் வாக்குவாதத்தில் தோற்றுவிடக் கூடாது என்பதற்காக நோயை மறைக்கும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். அம்மா ‘அப்போதே சொன்னேன்’ என்பார், சொல்லிவிட்டுப் போகட்டும். பி12 குறைபாட்டைச் சில வாரங்களில் பிடித்தால் நரம்பு பெரும்பாலும் தேறிவிடும். பல மாதம் தள்ளிப்போட்டால் கொஞ்சம் மதமதப்பு கடைசிவரை தங்கிவிடலாம். நீங்கள் ஏற்கனவே நான்கு மாதத்தைச் செலவழித்துவிட்டீர்கள்.

மற்றவற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். நகத்தில் வெள்ளைப் புள்ளி நகத்தில் எங்கோ இடித்துக்கொண்டதால் வருவது, ஒன்றுமில்லை. மூளை சுருங்காது. ஆளி விதையை வறுத்துப் பொடித்துத் தினம் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள், அது போதும். முடி கொட்டுவதற்கு இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க வேண்டும், எண்ணெய் மாற்றிப் பயனில்லை. சைவப் பெண்கள் குழந்தை பெறுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு பகுதி நியாயமானது. தாய்க்குப் பி12 குறைந்திருந்தால், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் குறையும். வளர்ச்சி பின்தங்கி, கை கால் நடுங்கி வந்த குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மீன் வீட்டில் சைவமாக இருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் மீன் குழம்பு, உங்களுக்கு ரசமும் அப்பளமும். எல்லோருக்கும் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீனும், உங்களுக்குக் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியும். மீன் போன இடத்தில் ஒன்றும் வரவில்லை. அதோடு, மீன் சமைக்கும் நாளில் தயிர் கூடாது, சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டில் தினமும் மீன் என்றால், தினமும் தயிர் இல்லை. அந்த நம்பிக்கையில் துளியும் உண்மை இல்லை. மீன் சாப்பிடாத உங்களுக்கு அது எப்படியும் பொருந்தாது. பாலும் தயிருமாக நாளைக்கு அரை லிட்டர் சேர்ந்தால், அமிலம் சரியாகச் சுரக்கும் ஒருவருக்கு அன்றாட பி12 ஏறக்குறையக் கிடைத்துவிடும். தயிரில் வைக்கும் புளிசேரிக் குழம்பை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கஞ்சியும் சிறுபயறும் புரதத்துக்கு அருமையான சாப்பாடு, அது காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது? கொண்டைக்கடலை, துவரம்பருப்பு, முருங்கைக்கீரைத் துவரன், இவற்றில் ஒன்று தினம் தட்டில் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் வேண்டாம், இரும்புச்சத்து சேராது. மீன் வெந்த சட்டியில் உங்கள் குழம்பு வைப்பதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. மனம் ஒப்பவில்லை என்றால் தனிச் சட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பைப் பாருங்கள். உங்கள் வீட்டில் அயோடின் சேராத கல்லுப்பு என்றால், மற்றவர்களுக்கு மீனில் கொஞ்சம் அயோடின் கிடைத்துவிடுகிறது, உங்களுக்கு அதுவும் இல்லை. மரச்சீனிக் கிழங்கு நிறையச் சாப்பிட்டால் இருக்கும் அயோடினையும் தைராய்டு சரியாக எடுத்துக்கொள்ளாது. சிரிக்கும் சூரியன் முத்திரை போட்ட உப்புப் பொட்டலம் வாங்குங்கள். கிழங்கை அவித்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

மருத்துவரிடம் முழு ரத்தப் பரிசோதனை, பி12, பெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைக் கேளுங்கள். சர்க்கரை நோயும் தைராய்டும் இதே மதமதப்பைத் தரும் என்பதால் நான் சொன்னதையே முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பி12-தான் என்று தெரிந்தால், நரம்பில் தொந்தரவு இருப்பதால் முதலில் ஊசியாகவே போடுவார்கள், பிறகு மாத்திரை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்பு நீங்களாகப் பி12 வாங்கிச் சாப்பிடாதீர்கள், முடிவு தவறாக வரும். நெஞ்செரிச்சல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிட அதிகமாகத் திரும்பலாம், அதை எப்படிக் குறைப்பது என்று அவரே சொல்லட்டும். போலிக் அமிலம் சாப்பிட்டதையும் அவரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.