பழைய ரிசீவர், புது டிவி, நடுவுல எந்த கம்ப்யூட்டர்?

திருநெல்வேலியிலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார். ஹால்ல புதுசா 55 இன்ச் 4கே டிவி, எச்டிஆர் எல்லாம் உண்டு. 2013ல வாங்கின 5.1 ரிசீவரும் (ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்) ஸ்பீக்கர் செட்டும் இன்னும் கணீர்னு இருக்கு, தூக்கிப்போட மனசு வரல. 4 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல அவரே ப்ளூரே டிஸ்க்லேர்ந்து எடுத்து வச்ச படங்க, கல்யாண வீடியோ, பழைய டிவிடி காப்பி எல்லாம் கிடக்கு. கடைக்காரர் 8ஆம் தலைமுறை ஐ5 போட்ட செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் குட்டி கம்ப்யூட்டரை எடுத்துக்கோங்கன்றார், தம்பி இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி போதும்ங்கிறான், ஃப்ரெண்டு ஒருத்தர் கிராபிக்ஸ் கார்டு போட்டு டவரே அசெம்பிள் பண்ணுன்றார். பட்ஜெட் முப்பதாயிரம். அம்மாவும் ரிமோட்லயே ஓட்டணும். எதை வாங்குறது?

தம்பி சொல்றதை கேளுங்க சார். ஆனா காரணம் அவர் நினைக்கிறதா இருக்காது, விலையும் கரன்ட்டும் ரெண்டாவது விஷயம்தான்.

படம் ஓட்டுறதுல ப்ராசஸருக்கு பெருசா வேலையே கிடையாது. சிப்புக்குள்ள வீடியோவை விரிக்கிறதுக்குன்னே தனியா ஒரு மூலை இருக்கு, 4கே ப்ளூரேல வர்ற 10 பிட் எச்இவிசிங்கிற வீடியோ சுருக்கத்தை அந்த மூலையே முடிச்சிடும், ஐ5, ஐ7 எல்லாம் சும்மா கைகட்டிட்டு நிக்கும். 2023ல வந்த என்100ல நாலே நாலு கோர், 6 வாட் சிப்பு, ஆனா எச்இவிசி, விபி9, ஏவி1னு மூணு சுருக்க முறையையும் ஹார்டுவேர்லயே விரிக்கும். 8ஆம் தலைமுறை ஐ5 எச்இவிசிய நல்லாவே ஓட்டும், ஏவி1 வந்தா மட்டும் மொத்த பாரமும் ப்ராசஸர் தலையில விழும், ஃபேன் கத்த ஆரம்பிச்சுடும். யூட்யூப்ல 4கே வீடியோ நிறைய ஏவி1லதான் வருது. கடையில என்100க்கு பதிலா ஜே4125, என்5105னு எதையாவது எடுத்து நீட்டினா வேண்டாம்னுடுங்க, ரெண்டுலயும் ஏவி1 கிடையாது.

இதைவிட பெரிய வம்பு பின்னாடி இருக்குற ஓட்டையில இருக்கு. ஏரி நிறைஞ்சு கிடந்தாலும் மதகு சின்னதா இருந்தா வயலுக்கு தண்ணி வராதுல்ல, அந்த கதைதான். இன்டெல்லோட 10ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் வரைக்கும் சிப்புலேர்ந்து நேரா வர்றது எச்டிஎம்ஐ 1.4 தான். 4கே வரும், 30 ஹெர்ட்ஸ்லதான் (நொடிக்கு 30 தடவை) வரும், எச்டிஆர் வராது. போர்டு செஞ்சவங்க நடுவுல தனியா ஒரு கன்வெர்ட்டர் சிப் வச்சிருந்தா மட்டும்தான் 2.0 கிடைக்கும், அந்த மாதிரி ஆபீஸ் கம்ப்யூட்டர் நிறையத்துல எச்டிஎம்ஐயே இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான்.

இதுல நானே அடி வாங்கியிருக்கேன். மாமனார் வீட்டுக்கு இதே மாதிரி ஒரு குட்டி டப்பா வாங்கி, டிஸ்ப்ளேபோர்ட்லேர்ந்து எச்டிஎம்ஐக்கு ஒரு மலிவு கன்வெர்ட்டரும் போட்டு மாட்டினேன், படம் 4கேல ஜம்முனு வந்துச்சு, ஆனா மவுஸை நகத்தினா அம்புக்குறி தேன்ல விழுந்த எறும்பு மாதிரி இழுத்து இழுத்து போகுது. மூணு நாள் டிரைவரை மாத்தி மாத்தி போட்டேன், விண்டோஸை அழிச்சு திரும்ப ஏத்தினேன், மாமனார் பாவம் ஒண்ணும் சொல்லல, டிபன் மட்டும் வந்துட்டே இருந்துச்சு. கடைசியில டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் பாத்தா 30 ஹெர்ட்ஸ். மலிவு கன்வெர்ட்டர்ல அவ்வளவுதான் போகும், ஆக்டிவ்னு போட்டு 4கே 60னு எழுதினது வேற வாங்கணும். அதனால எதை வாங்கினாலும் ஒரு டிவியில மாட்டச் சொல்லி, 4கே 60 ஹெர்ட்ஸ்னு திரையில வர்றதை கண்ணால பாத்துட்டு காசு குடுங்க. என்100 டப்பாலயும் ரெண்டு எச்டிஎம்ஐ போர்ட்டும் 2.0 தானான்னு பாக்கணும், உங்களுக்கு ரெண்டுமே வேணும். ஏன்னு சொல்றேன்.

2013 ரிசீவர்னா அது எச்டிஎம்ஐ 1.4 காலத்து சாமான், 2.0 ஸ்டாண்டர்டே அந்த வருஷம் செப்டம்பர்லதான் வந்துச்சு. அது வழியா டிவிக்கு எச்டிஆரோட 4கே போகாது. நிறைய பேர் இந்த இடத்துலதான் "ரிசீவரை மாத்துங்க"னு சொல்லிடுவாங்க, மாத்தவே வேண்டாம். ஒரு எச்டிஎம்ஐ கேபிளை கம்ப்யூட்டர்லேர்ந்து நேரா டிவிக்கு குடுங்க, அது படத்துக்கு. இன்னொரு போர்ட்லேர்ந்து ரிசீவருக்கு இன்னொரு கேபிள், அது சத்தத்துக்கு மட்டும். டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ் மாஸ்டர் ஆடியோவும் எச்டிஎம்ஐ 1.3 காலத்துலேர்ந்தே அந்த வயர்ல போகுது, உங்க ரிசீவரோட முன் பக்கம் அந்த லோகோ ரெண்டும் இருந்தா ப்ளூரேல இருக்குற சத்தம் அப்படியே கொஞ்சமும் சுருங்காம வரும். தலைக்கு மேலேர்ந்தும் சத்தம் வர்ற டால்பி அட்மாஸ் வராது, வீட்டு ரிசீவர்ல அது 2014லதான் வந்துச்சு, அந்த டிராக் உங்களுக்கு 5.1ஆ கேக்கும். டிவிக்குப் போய் அங்கேர்ந்து ஏஆர்சி (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ வயர்லயே திருப்பி அனுப்புற வசதி) வழியா ரிசீவருக்கு கொண்டுவந்தா என்னன்னு கேப்பீங்க. சாதா ஏஆர்சில ட்ரூஎச்டி போகாது, சில டிவி டிடிஎஸ்ஸை உள்ளயே விடாது, சாம்சங் 2018 மாடல்லேர்ந்து டிடிஎஸ்ஸை எடுத்துட்டாங்க.

இந்த ரெண்டு வயர் ஏற்பாட்டுல ஒரு சின்ன தொல்லை உண்டு. விண்டோஸ் ரிசீவரை ரெண்டாவது மானிட்டர்னு நினைச்சுக்கும், மவுஸ் வலது ஓரத்துல போய் காணாம போயிடும். டிவிய மெயின் டிஸ்ப்ளேனு வச்சு, ரிசீவரை எக்ஸ்டெண்ட்ல போட்டு, செட்டிங்ஸ்ல அந்த ரெண்டாவது கட்டத்தை இழுத்து மூலைக்கு மூலை மட்டும் தொடுற மாதிரி விட்டுடுங்க, அம்புக்குறி அந்தப் பக்கம் தவறிப் போகாது. அதோட ரெசல்யூஷனை 1080பில வைங்க, ரொம்ப குறைச்சா எச்டி ஆடியோவுக்கு வயர்ல இடம் பத்தாது. இதுக்காகத்தான் படம் ஓட்டுறதுக்குன்னே இருக்குற லிப்ரெலெக்ங்கிற சிஸ்டத்தை விண்டோஸுக்கு பதிலா போடுங்கன்னு சொல்லல, ஒரே வயர்ல போறவங்களுக்கு அது பிரமாதம், உங்களுக்கு விண்டோஸ் மேல கோடி போட்டா போதும். கோடினா ரூபாய் இல்ல, பழைய எக்ஸ்பாக்ஸ்ல எக்ஸ்பிஎம்சினு பிறந்து 2014ல பேர் மாத்திக்கிட்ட அதே இலவச பிளேயர்தான்.

கோடி செட்டிங்ஸ்ல லெவலை எக்ஸ்பர்ட்டுக்கு மாத்துங்க, இல்லன்னா பாதி கண்ணுல படாது. ஆடியோ டிவைஸ்ல ரிசீவர் பேரோட வசாபின்னு (WASAPI) ஆரம்பிக்கிறதை எடுங்க, டைரக்ட்சவுண்டை எடுத்துட்டு பாஸ்த்ரூ (சத்தத்தை விரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது) வரலன்னு புலம்புறவங்க நிறைய. பாஸ்த்ரூவை ஆன் பண்ணி ஏசி3, டிடிஎஸ், ட்ரூஎச்டி எல்லாத்துக்கும் டிக் போடுங்க, "சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே"ங்கிறதை ஆஃப் பண்ணிடுங்க, ரெண்டும் ஒரே வீட்ல குடித்தனம் பண்ணாது. படத்துக்கு ஒரு வயர் சத்தத்துக்கு ஒரு வயர்ங்கிறதால உதடு அசைவு லேசா முன்ன பின்ன தெரிஞ்சா ஆடியோ ஆஃப்செட்ல சரி பண்ணி எல்லா படத்துக்கும்னு சேவ் பண்ணலாம்.

அடுத்தது ரெஃப்ரெஷ் ரேட். சினிமா நொடிக்கு 24 பிரேம், டிவி 60 ஹெர்ட்ஸ்ல நின்னா ஒரு பிரேம் ரெண்டு தடவை அடுத்தது மூணு தடவைன்னு காட்டி ஒப்பேத்தும், கேமரா மெதுவா பக்கவாட்டுல போற காட்சியில பாருங்க, மாட்டு வண்டியில உக்காந்து பாக்குற மாதிரி குலுங்கும். கோடில "அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்"ட ஆன் பண்ணா படத்துக்கு தகுந்த மாதிரி டிவியே மாறிக்கும், மாறுறப்போ ரெண்டு செகண்ட் திரை கருப்பாகும், பயப்படாதீங்க. இது உங்க கல்யாண வீடியோவுக்குதான் ரொம்ப முக்கியம். நம்ம ஊர்ல அப்போ எடுத்ததெல்லாம் 50 ஹெர்ட்ஸ் இன்டர்லேஸ்டு, அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியா பாதிப் பாதியா காட்டுறது, டிவிடின்னா 576 வரி, எச்டி கேமரான்னா 1080i. இதை சரியா பிரிக்கலன்னா தவில்காரர் கை ஆடுறப்போ சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும். டீஇன்டர்லேஸ் ஆட்டோல இருந்து டிவியும் 50 ஹெர்ட்ஸ்க்கு போயிட்டா அன்னைக்கு டிவிடி பிளேயர்ல பாத்த மாதிரி வழுக்கிட்டு ஓடும். கிராபிக்ஸ் கார்டு போட்டா டிவிடி 4கே ஆயிடும்னு அந்த ஃப்ரெண்டு சொல்லியிருந்தா, சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். கேம் ஆடணும், இல்ல பெரிய புரொஜக்டர்ல மேட்விஆர்ங்கிற படத்தை மெருகேத்துற சாஃப்ட்வேர் போட்டு விளையாடணும்னா கார்டு, மத்தபடி வேண்டாம்.

டிவி பக்கம் ஒரு செட்டிங் இருக்கு, இதை விட்டுட்டா எச்டிஆர் வரவே வராது. அந்த போர்ட்டுக்கு முழு அகலத்தை திறந்து விடணும், சோனில என்ஹான்ஸ்டு ஃபார்மட், சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜில டீப் கலர்னு பேரு. அப்புறம் கருப்பு. கம்ப்யூட்டர் 0லேர்ந்து 255 வரைக்கும் அனுப்பி டிவி 16லேர்ந்து 235னு எடுத்துக்கிட்டா ராத்திரி காட்சியில ஹீரோவோட கருப்பு சட்டை ஒரே மை அப்பின மாதிரி இருக்கும், தலைகீழா இருந்தா கருப்பெல்லாம் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துடும். ரெண்டு பக்கமும் ஃபுல், இல்ல ரெண்டு பக்கமும் லிமிடெட், எதுவானாலும் ஒண்ணா இருக்கணும். டிவி டப்பாவுல டால்பி விஷன்ங்கிற ஒசத்தி எச்டிஆரோட லோகோ இருந்தாலும் இந்த வழியில வர்றது அடிப்படை எச்டிஆரான எச்டிஆர்10 தான், 4கே ப்ளூரேல எச்டிஆர்னு வர்றது எல்லாத்துலயும் அது அடியில இருக்கும், அதனால படம் ஓடாம போகாது.

கேபிள் ரெண்டு மீட்டர் போதும்னா பிரீமியம் ஹை ஸ்பீடுன்னு சர்டிஃபிகேட் ஸ்டிக்கர் ஒட்டினது வாங்குங்க, முடிஞ்சுது. சுவத்து பைப்புக்குள்ள பத்து மீட்டர் இழுக்கணும்னா ஆப்டிகல் எச்டிஎம்ஐ எடுக்கணும், அதுல எந்த முனை டிவிக்கு எந்த முனை கம்ப்யூட்டருக்குன்னு எழுதியிருக்கும், அதை படிக்காம இழுத்துட்டு திரும்ப உருவின எலக்ட்ரீஷியனை எனக்குத் தெரியும், அன்னைக்கு அவர் பேசினதை இங்க எழுத முடியாது.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மாதிரி ஓடிடியை இந்த டப்பாவுல இழுக்காதீங்க. கம்ப்யூட்டர் பிரவுசர்ல அவங்க பூட்டு மேல பூட்டு போட்டு நிறைய இடத்துல 4கேயே குடுக்குறதில்ல, டிவில இருக்குற ஆப்லயே பாருங்க. சத்தத்துக்கு ரிசீவர்ல ஏஆர்சி இருந்தா அது, இல்லன்னா ஆப்டிகல் வயர், டிவியோட டிஜிட்டல் அவுட்புட்டை டால்பி டிஜிட்டல்னு வச்சா 5.1 வரும்.

8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். டிஸ்க் யூஎஸ்பிலயே இருக்கட்டும், 4கே ப்ளூரே எகிறிப்போனாலும் நொடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 எம்பி, எந்த ஹார்ட் டிஸ்க்கும் அதைப்போல பல மடங்கு குடுக்கும். ஆனா டிஸ்க் எக்ஸ்ஃபேட்ங்கிற ஃபார்மட்ல இருந்தா, காப்பி ஓடிட்டிருக்கும்போது கரன்ட் போச்சுன்னா ஃபோல்டரே காணாம போகலாம், என்டிஎஃப்எஸ் அந்த அடியை கொஞ்சம் தாங்கும். ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி கல்யாண வீடியோவை வேற இடத்துல ஒரு காப்பி எடுத்துடுங்க சார், வீட்ல அப்புறம் பதில் சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருந்தா அதுல போடுங்க, கரன்ட் மாறுற அந்த நொடியில கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாது.

கரன்ட் கணக்கும் பாத்துடலாம். கார்டு போட்ட டவர் சும்மா நிக்கிறப்பவே 50 வாட் இழுத்தா ஒரு நாளைக்கு 1.2 யூனிட், ரெண்டு மாச ரீடிங்ல 72. என்100 டப்பா 8 வாட்ல நின்னா பன்னெண்டுக்குள்ள முடிஞ்சுடும். அதை கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள்ள மட்டும் வைக்காதீங்க, மே மாசத்துல உள்ள அடுப்பு மாதிரி ஆயிடும், டிவிக்கு பின்னாடி மாட்ட டப்பாவோடயே தகடு குடுப்பாங்க.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். பெரும்பாலான கம்ப்யூட்டர்ல சிஇசி (எச்டிஎம்ஐ வழியா டிவி ரிமோட்டுக்கு கட்டுப்படுற வசதி) கிடையாது, டிவி ரிமோட் இதை கண்டுக்காது. ஃபிளர்க்னு ஒரு சின்ன யூஎஸ்பி ரிசீவர் கிடைக்குது, வீட்ல இருக்குற எந்த ஐஆர் ரிமோட்டையும் அது கத்துக்கும். வயர்லெஸ் கீபோர்டு இருந்தா அதோட யூஎஸ்பி டாங்கிளை ஹார்ட் டிஸ்க் சொருகின நீல போர்ட்டுக்கு பக்கத்துலயே சொருகாதீங்க, யூஎஸ்பி 3.0 டிஸ்க் ஓடுறப்போ 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளம்பும், கீபோர்டு ஒரு எழுத்தை முழுங்கும் ஒரு எழுத்தை ரெண்டு தடவை அடிக்கும், ஒரு அடி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு தள்ளி வச்சா போதும். ஃபிளர்க்குக்கு புது ரிமோட்டும் வாங்க வேண்டாம், பழைய டிவிடி பிளேயரோடது டிராயர்ல எங்கயாவது கிடக்கும், நாலு அம்புக்குறி, ஓகே, பேக், பிளே, இவ்வளவை மட்டும் கத்துக்குடுங்க. அம்மாவுக்கு அந்த பட்டன் எல்லாம் ஏற்கனவே கைப்பழக்கம்.