தோட்டத்துச் சின்னச் சபைகள் நிலைக்குமா?

இலங்கை மலையகத் தோட்டங்களில் பத்துப் பதினைந்து குடும்பங்களோடு இருக்கும் கிறிஸ்தவச் சபைகள் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். விசுவாசம் குறைந்ததுதான் பிரச்சினை என்பதை நான் ஏற்கமாட்டேன். வர்க்கம்தான் முக்கியம்.

1854இல் தோட்டத் தமிழருக்கான அங்கிலிக்கன் மிஷன் தொடங்கியபோது துரைமாரும் பணம் கொடுத்தார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தோட்டத் தமிழர் பலர் இந்தியா போனார்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமாரும் போனார்கள். நாட்கூலிக்காரரின் காணிக்கையில் ஒரு குருவானவரைத் தாங்குவது லேசல்ல.

அப்புறம், இளையவர்கள் இங்கே கொழும்பில். புறக்கோட்டைத் துணிக்கடையில் நிற்கும் பையன் நத்தாருக்குத்தான் ஹட்டன் பஸ் ஏறுகிறான். இங்குள்ள கோயிலுக்கு வந்தாலும் கடைசி வாங்குதான், “எந்த ஊர் தம்பி?” என்றால் லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, என்று சொல்லக் கூசுகிறான். அவனை நிர்வாகக் குழுவில் உட்காரவைத்து, தோட்டத்தில் சபையைக் கவனிக்கும் உபதேசியாரின் சம்பளத்தையும் கொழும்புச் சபைகள் பகிர்ந்தால், தோட்டத்துச் சபைகள் நிலைக்கும்.