பத்தா, பதிமூன்றா? இம்ப்ளான்ட் கேள்விகளும் பதில்களும்

பல் போன இடத்தில் தாடை எலும்பில் வைக்கும் டைட்டானியத் திருகுதான் இம்ப்ளான்ட்; இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதன் மில்லிமீட்டர் கணக்குதான். வந்த வரிசையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஓ.பி.ஜி. (முழுத் தாடை) எக்ஸ்ரேயை போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எந்த சைஸ் இம்ப்ளான்ட் போடலாம் டாக்டர்?

பதில்: படம் சாய்ந்திருக்கிறது, பாதி இடத்தில் ட்யூப்லைட் பளீரென்று அடிக்கிறது, எந்தப் பல் போனது என்றுகூட நீங்கள் எழுதவில்லை. படம் தெளிவாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஓ.பி.ஜி. எலும்பைக் கால் பங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், அகலத்தைக் காட்டவே காட்டாது. சி.பி.சி.டி. என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துக்கொண்டு நேரில் ஒரு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: நண்பருக்கு 13 மி.மீ. நீள இம்ப்ளான்ட். அதே காசுக்கு எனக்கு 10 மி.மீ.தான் வைத்திருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. நானும் எழுதி எழுதிப் பார்க்கிறேன், நீளமாக இருந்தால் பலம் என்ற எண்ணம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. இம்ப்ளான்ட் என்ன துணியா, கூடுதலாகக் கிழித்துக் கொடுத்தால் லாபம் என்று நினைக்க? பொதுவாக எந்த நீளத்துக்கும் விலை ஒன்றுதான்.

கடிக்கும்போது வருகிற அழுத்தம் இம்ப்ளான்ட் முழுக்கச் சமமாகப் பரவாது. டைட்டானியம், எலும்பின் கெட்டியான வெளி ஓட்டைவிட ஏழெட்டு மடங்கு விறைப்பானது. இரண்டும் முதலில் சந்திக்கிற இடம் கழுத்துப் பகுதி, அதாவது ஈறுக்குக் கீழே முதல் மூன்று நான்கு மரைகள். பாரத்தில் பெரும்பங்கு அங்கேயே இறங்கிவிடும், பக்கவாட்டில் தள்ளுகிற கடி என்றால் இன்னும் மோசம். அடியில் கூடுதலாக 3 மி.மீ. இருப்பதால் கழுத்துக்குக் கிடைக்கிற நிம்மதி கொஞ்சம்தான். ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது எலும்பையும் இம்ப்ளான்ட்டையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் வந்த விடையும் இதுவே: கழுத்தின் அழுத்தத்தைக் குறைப்பதில் நீளத்தைவிட விட்டம்தான் அதிகம் கைகொடுக்கிறது. 4 மி.மீ.க்குப் பதில் 5 மி.மீ. போட்டால் பக்கப் பரப்பு கால் பங்கு கூடும், வளைவைத் தாங்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

நீளத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, எலும்பு மென்மையாக இருக்கும்போது. மேல் தாடையின் பின்பக்கம் டி-4 வகை எலும்பு (டி-1 மிகக் கெட்டி, டி-4 மிக மென்மை) அதிகம், வெளி ஓடு மிக மெல்லியது, பாரம் உள்ளே இருக்கும் பஞ்சு எலும்புக்கு இறங்கிவிடும். அங்கே நீளம் பிடிப்புக்கு உதவும், மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறை இடம் கொடுத்தால். உங்களுக்கு எந்தப் பல் என்று நீங்களும் எழுதவில்லை! கீழ்க் கடைவாய் என்றால் அடியில் நரம்பு ஓடுகிறது, அதற்கு மேலே 2 மி.மீ. விட்டு நிறுத்த வேண்டும். கூடுதல் நீளத்துக்கு ஆசைப்பட்டு உதடு மரத்துப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் டாக்டர் 10-ல் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கும், எனக்குக் கடிதம் போடும் முன் அவரிடமே கேட்டிருக்கலாம்.

கேள்வி: தடிமன்தான் முக்கியம் என்றால் எல்லோருக்கும் 5 மி.மீ. போட்டுவிடலாமே?

பதில்: எலும்பு இடம் கொடுக்க வேண்டுமே. கன்னப் பக்கம் ஒன்றரை, இரண்டு மி.மீ. எலும்பு மிஞ்ச வேண்டும். 6 மி.மீ. அகல எலும்பில் 5 மி.மீ. இம்ப்ளான்ட்டைத் திணித்தால் இரண்டு பக்கமும் அரை மி.மீ. சுவர்தான் மிச்சம், அதுவும் கரைந்து நாளைக்கு மரை வெளியே தெரியும். சி.பி.சி.டி., சி.பி.சி.டி. என்று நான் கத்துவது இதற்குத்தான்.

கேள்வி: எனக்கு டி-1 எலும்பாம், ரொம்பக் கெட்டியாம். நல்லதுதானே?

பதில்: பிடிப்புக்கு நல்லது. ஆனால் ரத்த ஓட்டம் குறைவு, டிரில் போடும்போது சூடேறும். 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிஷம் போனாலே எலும்பு பாதிக்கப்படும். தண்ணீர் பாய்ச்சி, கூர் மழுங்காத டிரில்லில் நிதானமாகச் செய்தால் பயமில்லை. என்னைக் கேட்டால் டி-2தான் சௌகரியம்.

கேள்வி: மேல் கடைவாயில் இம்ப்ளான்ட் வைத்தாயிற்று. கேப் போட ஐந்து மாதம் ஆகும் என்கிறார். விளம்பரத்தில் மூன்றே நாள் என்கிறார்களே?

பதில்: விளம்பரத்துக்கு உங்கள் எலும்பு தெரியாது. திருகும்போது டார்க் ரெஞ்ச் (திருகும் விசையை அளக்கும் கருவி) 35 நியூட்டன் சென்டிமீட்டராவது காட்டினால் சீக்கிரம் கேப் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். மேல் கடைவாயில் பல பேருக்கு ரெஞ்ச் 15-ஐத் தாண்டாது, இம்ப்ளான்ட் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் தலையில் கேப்பை வைத்துக் கடிக்கச் சொன்னால் 0.15 மி.மீ. ஆட்டம் போதும், எலும்பு ஒட்டுவதற்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். காத்திருங்கள்.

கேள்வி: கீழ்க் கடைவாய் இம்ப்ளான்ட் கேப் ஒரே வருஷத்தில் மூன்று முறை லூஸாகிவிட்டது. மட்டமான ஸ்க்ரூவா?

பதில்: ஸ்க்ரூவை மட்டும் திட்டாதீர்கள், எங்கோ பாரம் கூடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று கேப்பின் மேட்டைப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த ஒரு பொட்டு தெரிந்தால் அநேகமாக ராத்திரி பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள். சொந்தப் பல்லைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் உண்டு, கொஞ்சம் அமுங்கும், அதிகமாகக் கடித்தால் வலித்துச் சொல்லும். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது, எலும்போடு நேராக ஒட்டியிருக்கிறது, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். கடைவாயில் ஒல்லியான 3.3 மி.மீ. இம்ப்ளான்ட் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கடியைச் சரிசெய்துகொண்டு ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு போடுங்கள். வாங்கி டப்பாவிலேயே வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: இரண்டு கடைவாய்ப் பல் போய்விட்டது. ஒரே இம்ப்ளான்ட்டில் இரண்டையும் கட்டிவிடலாமா? செலவு மிச்சமாகுமே.

பதில்: வேண்டாம். அடியில் இம்ப்ளான்ட் இல்லாமல் தொங்குகிற பல் நெம்புகோலாகி, மொத்தச் சுமையையும் அந்தக் கழுத்தில்தான் கொண்டுபோய்ப் போடும்.

கேள்வி: கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் டி-4 எலும்பு டி-2 ஆகுமா?

பதில்: ஆகாது. எலும்புத் தேய்மானத்துக்கு வேறு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்கள் என்றால் அதுதான் விஷயம். சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறுவது பாதிக்கப்படும். எந்த மருந்து, எத்தனை வருஷமாக என்று, டாக்டர் டிரில்லைக் கையில் எடுக்கும் முன்பே சீட்டோடு காட்டுங்கள்.