கம்பாலாவிலிருந்து தாய்மாமன் வரலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம் பக்கம். என் தம்பி உகாண்டாவில், கம்பாலாவில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கிறான். ஆவணியில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும் என்பதால் லீவு போட்டு வருகிறான். அந்தப் பக்கம் எபோலா என்று அடிக்கடி செய்தி வருவதால் என் மாமியார் வீட்டில் பயப்படுகிறார்கள். "அந்த நாட்டு விமானத்தையே நிறுத்திவிட்டால் நோய் இங்கே வராதே, அரசாங்கம் ஏன் நிறுத்தவில்லை?" என்று கொழுந்தனார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பி வரலாமா? வந்தால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: தம்பி வரட்டும், சீர்த்தட்டோடு வரட்டும். அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை சில உண்டு, கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கொழுந்தனாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது பெரிய பெரிய நாடுகளிலேயே அரசியல் தலைவர்கள் இதைத்தான் கேட்டார்கள். கினி, லைபீரியா, சியரா லியோன் என்ற மூன்று நாடுகளில் 28,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்து, 11,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த காலம் அது.

எபோலா வந்தவர்களில் சராசரியாகப் பாதிப்பேர் பிழைப்பதில்லை. அதனால் பயப்படுவது நியாயம்தான். ஆனால் கொரோனா மாதிரி மூச்சுக்காற்றில் பரவும் நோய் அல்ல இது. நோயாளியின் ரத்தம், வாந்தி, பேதி போன்றவை நம் உடம்பில் படவேண்டும். கிருமி உள்ளே போனபின் 2 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். அதுவரை அவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. நோய் முற்ற முற்றத்தான் கிருமி பெருகும், இறந்த உடலில் ஏராளமாக இருக்கும். அதனால்தான் அங்கே நோய் பெரும்பாலும் வீட்டில் பணிவிடை செய்தவர்கள், நர்சுகள், டாக்டர்கள், பிணத்தைக் குளிப்பாட்டியவர்கள் என்ற வழியிலேயே போனது.

இந்த 21 நாள் கணக்கில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டுகிறார்களே, அது காய்ச்சலை மட்டும்தான் பிடிக்கும். உள்ளே கிருமியோடு, உடம்பு ஜில்லென்று இருப்பவரை அதனால் பிடிக்க முடியாது. 2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து ஒருவர் அமெரிக்காவின் டல்லஸ் நகருக்குப் போனார். ஏறும்போது காய்ச்சல் இல்லை. பிரஸ்ஸல்ஸில் இறங்கி வேறு விமானம் மாறித்தான் போனார். போய்ச் சில நாளில் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போய், ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று நர்சிடம் சொல்லவும் செய்தார். ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார், பிறகு இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட நர்சுகள் இரண்டு பேருக்கு நோய் ஒட்டியது (இருவரும் பிழைத்துவிட்டார்கள்). எங்கிருந்து வந்தார் என்பதை அவர் சொல்லிவிட்டார், கேட்டவர்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, விமானத்தை நிறுத்துவது என்றால் எதை நிறுத்துவது? மதுரைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. உங்கள் தம்பி உகாண்டாவின் என்டெபி விமான நிலையத்தில் ஏறி, துபாயோ தோஹாவோ மாறி, சென்னையிலோ மும்பையிலோ இறங்கி வருவார். உகாண்டா விமானத்தை மட்டும் நிறுத்தினால் அவர் பக்கத்து நாட்டுக்கு பஸ்ஸில் போய் அங்கே ஏறலாம். துபாயையே நிறுத்தலாம் என்றால் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் பாதி வீடுகளுக்கு ஆள் வந்து சேராது.

தடையால் பலனே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் எங்கே, எவ்வளவு என்று பார்க்கவேண்டும். 1918-இல் இன்ஃப்ளுயன்சா என்ற ஃப்ளூ காய்ச்சல் உலகத்தைச் சுற்றி வந்தபோது பசிபிக் கடலில் அக்கம்பக்கமாக இருந்த சாமோவா என்ற பெயர்கொண்ட இரண்டு தீவுப் பகுதிகளின் கதை எங்கள் மருத்துவப் படிப்பில் பிரபலம். அமெரிக்கச் சாமோவாவின் கவர்னர் வெளிக்கப்பல் எதையும் சோதனையும் காவலும் இல்லாமல் உள்ளே விடவில்லை. அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. நியூசிலாந்தின் பிடியில் இருந்த மேற்குச் சாமோவாவில் நவம்பர் 7 அன்று தலூன் என்ற கப்பலைக் கரையேற விட்டார்கள். கொஞ்ச நாளுக்குள் அங்கிருந்த மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆக, தீவாக இருந்து, நோய் வருமுன்பே, ஓட்டையே இல்லாமல் பூட்டினால் தடை வேலை செய்யும். 2020-இல் நியூசிலாந்து, நோய் சிலருக்கு வந்தபின் பூட்டினாலும், ஏறக்குறைய அதைத்தான் செய்தது. மற்ற இடங்களுக்கு என்ன கணக்கு? இன்ஃப்ளுயன்சாவை வைத்து 2006-இல் போட்ட ஒரு பெரிய கணிப்பு, 99 சதவீதத்துக்கு மேல் அடைத்தால் ஒழிய, நோய் வந்துசேர்வது இரண்டு மூன்று வாரம்தான் தள்ளிப்போகும் என்றது. அந்த இரண்டு வாரத்தில் படுக்கை, பாதுகாப்பு உடை, பரிசோதனை எல்லாம் தயார் செய்தால் லாபம். கதவைச் சாத்திவிட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் போச்சு.

நான் தடைக்கு எதிராக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குகூட இல்லை. தடை போட்டதும் ஆட்கள் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எபோலா மாதிரி நோயை அடக்குவதற்கு நம் கையில் இருக்கும் முதல் ஆயுதமே "நான் இங்கிருந்து வருகிறேன், இன்னாரைத் தொட்டேன்" என்று ஒருவர் தாமாகச் சொல்வதுதான்.

நைஜீரியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து ஒரு அதிகாரி லாகோஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கும்போதே சுருண்டு விழுந்தார். அவருடைய சகோதரி எபோலாவில் இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கேட்டபோது, எபோலா நோயாளி யாரோடும் தொடர்பே இல்லை என்று மறுத்துவிட்டார். முதலில் மலேரியா என்றுதான் வைத்தியம் நடந்தது. அமேயோ அடதேவோ என்ற பெண் மருத்துவருக்குச் சந்தேகம் தட்டியது. முக்கியமான மாநாட்டுக்குப் போகவேண்டிய ஆள், டிஸ்சார்ஜ் செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். அந்த அம்மா அசையவில்லை. பரிசோதனையில் எபோலா என்று உறுதியானது. கடைசியில் அவருக்கே நோய் ஒட்டி, ஆகஸ்ட் 19 அன்று இறந்துபோனார்.

அதற்குள் அந்த அதிகாரியோடு தொடர்பில் இருந்த ஒருவர் கண்காணிப்பிலிருந்து நழுவி போர்ட் ஹார்கோர்ட் நகரத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு ஹோட்டல் அறையில் ரகசியமாக ஒரு டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டார். நழுவியவர் பிழைத்தார், டாக்டர் இறந்தார். டாக்டரிடமிருந்து இன்னும் சிலருக்குப் பரவியது. இரண்டு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் லாகோஸில் நோய் புகுந்தும், மொத்தம் 20 பேரோடு, 8 சாவோடு நின்றது. காரணம், தொடர்பில் இருந்த ஏறக்குறைய 900 பேரை வீடு வீடாகத் தேடிப்பிடித்து, 21 நாளும் தினமும் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மறைப்பது ஏதோ ஆப்பிரிக்கக் குணம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2020 ஜூன், ஜூலையில் மதுரையில் தனியாக முழு ஊரடங்கு போட்டார்களே, நினைவிருக்கும். சென்னையிலிருந்து வர இ-பாஸ் வேண்டும். பாஸ் கிடைக்காதவர்கள் வராமலா இருந்தார்கள்? நான்குவழிச் சாலையில் செக்போஸ்ட் என்றால் கிராமத்துச் சாலையில் டூவீலரில் வந்தார்கள். அப்போது என்னிடம் காய்ச்சலோடு வந்த ஒரு பெரியவர், "ஊரைவிட்டு நகரவே இல்ல டாக்டர்" என்று அடித்துச் சொன்னார். வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்றால் அதுவும் இல்லையாம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அவர் வெளியே போனதும், கூட வந்த மருமகள் வாசல்படியில் நின்று, "சார், என் வீட்டுக்காரர் மெட்ராஸ்ல இருந்து வந்து நாலு நாளாச்சு. சொன்னா வீட்டுக்குத் தகரம் அடிச்சிருவாங்கன்னு மாமா சொல்லவேணாங்கிறாரு" என்றார். தெருவை மறித்து அடித்த அந்தத் தகரத்துக்குப் பயந்து எத்தனை வீடுகளில் காய்ச்சலைக் கஷாயத்தோடு மறைத்தார்களோ. இன்னொன்று. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று நம் அரசு ராஜாஜி மருத்துவமனையில்தான் நடந்தது. இறந்தவர் வெளிநாடு போய்வந்தவர் அல்ல. விமானங்களை நிறுத்தி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கிருமி அதற்கு வெகு முன்பே வந்து இறங்கிவிட்டது.

தடையை வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவமும் நமக்கு உண்டு. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்றதும் வளைகுடா நாடுகள் இந்தியாவுக்கு விமானத்தை நிறுத்தின. தபாலைக்கூட வாங்க மறுத்தவர்கள் உண்டு. இறந்தவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர், டெட்ராசைக்ளின் மாத்திரைக்கு அடங்குகிற நோய். ஏற்றுமதியிலும் சுற்றுலாவிலும் போன பணமோ பல ஆயிரம் கோடி. நோயை ஒளிக்காமல் சொல்கிற நாட்டுக்கு இதுதான் பரிசு என்றால் அடுத்த முறை எந்த நாடு வாயைத் திறக்கும்? 2021 நவம்பரில் ஓமிக்ரானை முதலில் கண்டுபிடித்து அறிவித்தது தென்னாப்பிரிக்கா. மறுநாளிலிருந்தே அந்த நாட்டு விமானங்களுக்குத் தடை வரிசை கட்டியது. ஓமிக்ரான் நின்றதா? டிசம்பர் 2 அன்று இந்தியாவில் முதன்முதலாக அறிவித்த இரண்டு பேரில் ஒருவர் வெளிநாடே போகாத பெங்களூரு டாக்டர்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நோய் உள்ள ஊருக்குள் டாக்டரும் கையுறையும் மருந்தும் போவதும் அதே விமானத்தில்தான். 2014-இல் பல கம்பெனிகள் விலகிக்கொண்டபோது பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸ், ராயல் ஏர் மரோக் போன்ற ஒன்றிரண்டு ஓட்டியதால்தான் உதவிக்குப் போனவர்கள் போகமுடிந்தது. போனால் திரும்பி வரமுடியாது என்றால் யார்தான் கிளம்புவார்கள்?

உகாண்டாவுக்கே வருகிறேன். 2022-இலும் 2025-இலும் அங்கே வந்தது சூடான் வகை எபோலா. அதற்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி அப்போது இல்லை. இருந்தும் இரண்டு முறையும் நான்கு மாதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். தொடர்பில் இருந்தவர்களை விடாமல் பின்தொடர்ந்ததுதான் அதில் பெரிய வேலை. 2022-இல் அமெரிக்கா விமானங்களைத் தடைசெய்யவில்லை. உகாண்டாவிலிருந்து வருபவர்களை ஐந்து விமான நிலையங்களில் மட்டும் இறக்கி, விசாரித்து, போன் நம்பர் வாங்கிக்கொண்டு அனுப்பியது. எனக்கு உடன்பாடான வழி இதுதான். நோயாளியும், நோயாளியைத் தொட்டவரும் 21 நாள் பயணம் செய்யக்கூடாது, அந்தத் தடை கட்டாயம் வேண்டும். மற்றவர்கள் வரட்டும், சொல்லிவிட்டு வரட்டும்.

இனி உங்கள் வீட்டுக் காரியம். தம்பி கிளம்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கே இப்போது எபோலா நடமாட்டம் இருக்கிறதா? இருந்தால், கடந்த மூன்று வாரத்தில் காய்ச்சல்காரர் யாரையாவது பார்த்துக்கொண்டாரா, சாவு வீட்டுக்குப் போய் உடலைத் தொட்டாரா? ஆமாம் என்றால் அங்கேயே சுகாதாரத் துறையிடம் சொல்லிவிட்டு, 21 நாள் கழித்துக் கிளம்பட்டும். காதுகுத்தை ஐப்பசிக்குத் தள்ளினால் குலசாமி கோபித்துக்கொள்ளாது. இல்லை என்றால் தாராளமாக வரலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட மஞ்சள் அட்டையை மறக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உகாண்டாவிலிருந்து வருபவரிடம் அது இல்லையென்றால் இங்கே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். அந்த விதி எனக்குப் பிடித்த விதி. மஞ்சள் காய்ச்சல் கிருமியைப் பரப்பும் கொசு நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது, தடுப்பூசியும் இருக்கிறது. ஆளை நிறுத்தாமல் அட்டையை மட்டும் கேட்கிறார்கள்.

வந்தபின் தனி அறை, தனித் தட்டு எதுவும் வேண்டாம். மடியில் குழந்தையை உட்காரவைக்கலாம், மொட்டை போடலாம், கறி விருந்தும் சாப்பிடலாம். அங்கே எபோலா நடமாட்டம் இருக்கும் சமயமாக இருந்தால் மட்டும் 21 நாளுக்குக் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கட்டும். 100.4 டிகிரிக்கு மேல் போனால் ஆட்டோ பிடித்துத் தெருமுனை கிளினிக்கில் போய் வரிசையில் உட்காரவேண்டாம். 104-க்கோ 108-க்கோ போன் செய்து, "உகாண்டாவிலிருந்து வந்தவர், காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எபோலா பயத்தில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒன்றும் உண்டு. உகாண்டாவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், எபோலாவைவிட மலேரியாவாக இருக்கும் வாய்ப்புத்தான் பல மடங்கு அதிகம். அங்கே உள்ளது ஃபால்சிபாரம் வகை. மூளைக்கு ஏறினால் ஓரிரு நாளில் ஆளையே கொண்டுபோய்விடும். நேரத்தோடு பார்த்தால் மூன்று நாள் மாத்திரையில் குணமாகும். எபோலா நடமாட்டம் இல்லாத சமயமாக இருந்தாலும், 21 நாள் தாண்டிவிட்டாலும், ஊருக்கு வந்து ஓரிரு மாதம் கழித்து வந்தாலும் சரி, காய்ச்சல் என்றால் அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கவேண்டும். ஒரே ஒரு முறை பார்த்து இல்லை என்று வந்தால் விட்டுவிடாமல் அடுத்த இரண்டு நாளும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். "சாதாரண வைரல் காய்ச்சல்தான்" என்று யாராவது எழுதிக்கொடுத்தால், தம்பி எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அவரிடம் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள்.