தண்ணீரும் தொடமாட்டேன் என்கிறார் பெரியவர்

இஸ்ரேலின் ரமத் கான் நகரில் ஒரு வீட்டில் முதியவரைப் பராமரிக்கும் வாசகி கேட்கிறார்: "அவருக்கு 84 வயது, இன்சுலின் போடுகிறோம். யூதர்களின் விரத நாளான யோம் கிப்பூர் அன்று பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?"

சகோதரி, நீங்கள் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆண்டு முழுக்க ஜெப ஆலயப் பக்கமே போகாத பலர்கூட அந்த 25 மணி நேர விரதத்தை விடமாட்டார்கள். இதில் உங்கள் பேச்சு எடுபடாது; டாக்டரும் ரப்பியும் (யூத மதகுரு) சொன்னால் எடுபடும். 2026இல் யோம் கிப்பூர் செப்டம்பர் 20 மாலை தொடங்கி 21 இரவு முடிகிறது. அவருடைய பிள்ளைகளிடம் சொல்லி, முன்கூட்டியே இருவரையும் அவரிடம் பேச வையுங்கள்.

யூதச் சட்டமே உங்கள் பக்கம்தான். யூதச் சட்ட விவாத நூலான தல்மூதில் இதே வழக்கு வருகிறது: நோயாளி வேண்டாம் என்கிறார், டாக்டர் சாப்பிட்டாக வேண்டும் என்கிறார். டாக்டர் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்பது தீர்ப்பு. உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடுவதுதான் கடமை.

முழுச் சாப்பாடு மனசுக்கு ஒப்பவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. உணவு சுமார் 30 மில்லிக்குள், ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை. தண்ணீருக்கு அவரவர் வாய்தான் அளவு: முதல் நாளே வாய் நிறையத் தண்ணீர் எடுத்து ஒரு டம்ளரில் துப்பச் சொல்லுங்கள். அதில் பாதிக்குச் சற்று மேலே பேனாவால் கோடு போட்டால், ஒரு தடவைக்கு அதுவே எல்லை. இப்படிச் சாப்பிட்டால் விரதத்தை அடியோடு விட்டதாகாது என்பதால் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். இவருக்கு இது போதுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்சுலின் அளவையும் அவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

வியர்வை, கை நடுக்கம், உளறல், அல்லது சர்க்கரை மீட்டரில் 70க்குக் கீழே என்றால் அளவெல்லாம் பார்க்காதீர்கள், உடனே ஜூஸ் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 101ஐ அழையுங்கள். அன்று பஸ் ஓடாது, கடை இருக்காது, ஆனால் ஆம்புலன்ஸ் வரும்.

நீங்கள் விரதம் இருக்கத் தேவையில்லை. சமையலறையில் சாப்பிடுங்கள், வாசனை கூடத்துக்கு வராத மாதிரி ஏதாவது. தயிர்சாதம் போதும்.

இரவு விரதம் முடிந்து ஷோஃபார் (ஆட்டுக்கொம்பு) ஊதியதும் எல்லாரும் கேக்கைத்தான் தேடுவார்கள். அவருக்கு முதலில் சர்க்கரையைப் பாருங்கள், அப்புறம் தட்டை நீட்டுங்கள்.